வெள்ளிமலைக்குக் கொண்டுபோன கொத்துக்கறி

காலை 5.40. நைனார்பாளையம் பேருந்து நிறுத்தம். கையில் இரண்டு சுமை. ஒன்று துணிப்பை. அதில் முந்தின நாள் வாங்கிக் காயவிட்ட பன் நான்கு, முட்டை ஆறு, வெண்ணெய், ஒரு சின்னப் பாட்டிலில் நானே அரைத்த கடுகு விழுது, பாதி ஜாதிக்காய். இன்னொன்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய தெர்மாகோல் பெட்டி. ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் ஒன்றரைக் கிலோ ஆட்டுக் கொத்துக்கறி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கறிக்கடை நாலரைக்கே திறந்துவிட்டது. மூடியைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தேன். முப்பத்தாறு வருடம் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்தவனுக்கு ஒரு பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடத் தெரியும்.

கல்வராயன் மலைக்குப் போகிறவர்கள் அருவியைப் பார்க்கப் போகிறார்கள், அல்லது வெயிலுக்குத் தப்பிப் போகிறார்கள். நான் மகள் வீட்டுக்குப் போனேன். எங்கள் ஊரிலிருந்து சின்னசேலம், கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், அங்கிருந்து மலையேறி வெள்ளிமலை. மொத்தம் எழுபது கிலோமீட்டர் வரும். அதைக் கடக்க எனக்கு ஒன்பது வருடம் ஆயிற்று.

சின்னசேலம் டவுன் பஸ்ஸில் எனக்கு மட்டும்தான் டிக்கெட். சுற்றிலும் இருந்தவர்கள் எல்லாம் களைவெட்டுக்கும் கட்டட வேலைக்கும் போகிற பெண்கள், அவர்களுக்கு இலவசம். நடத்துனர் பெட்டியைக் காலால் லேசாகத் தட்டிப் பார்த்தார்.

“பெட்டில இன்னா பெரியவரே? மீனா?”

“கறி.”

“நாத்தம் வராதே?”

“வராது. டேப் போட்டு கீறேன்.”

பக்கத்தில் இருந்த பெண் சிரித்தாள். “கறிய எடுத்துக்கினு எந்த ஊருக்குப் போற? அந்த ஊர்ல ஆடு இல்லியா?” நான் பெட்டியைக் காலோரம் இழுத்துக்கொண்டேன். சொன்னால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதுதான்.

எழுபதுகளின் நடுவில் எங்கள் ஆலைக்கு ஜெர்மனியிலிருந்து புது இயந்திரங்கள் வந்தன. அவற்றைப் பழகிக்கொள்ள மூன்று பேரை அங்கே அனுப்பினார்கள். அதில் ஒருவன் நான், வயது இருபத்துநான்கு. பிரவுன்ஷ்வைக் என்ற ஊர். பதினான்கு மாதம். ஹில்டா என்ற விதவையின் வீட்டில் மாடி அறை. அவருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது பெரிய மகன் ஒருவன், கிளவுஸ். நான் சாப்பாட்டு மேசைக்கு வந்தால் அவன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் நின்றபடி சாப்பிடுவான். மூன்று வாரம் அப்படி நடந்தது. நான்காவது சனிக்கிழமை அந்த அம்மா அடுப்படி வாசலில் நின்று அவனிடம் ஏதோ சொன்னார். எனக்கு அப்போது மொழி தெரியாது. பிறகு அவரே சொன்னார்: “இந்த வீட்டில் ஒரே ஒரு மேசைதான் இருக்கிறது என்று சொன்னேன்.” அன்று முதல் மூன்று நாற்காலியிலும் ஆள் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அவர் செய்தது ஃபிரிகடெல்லன். கொத்துக்கறியோடு பாலில் ஊறிய பழைய ரொட்டி, முட்டை, வதக்கிய வெங்காயம், கடுகு விழுது, மிளகு, ஜாதிக்காய் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, வடைபோலத் தட்டி, வெண்ணெயில் மெதுவாகப் பொரிப்பது. அவர்கள் மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் கலந்து செய்வார்கள். நான் இரண்டும் சாப்பிட மாட்டேன் என்று தெரிந்ததும், அந்த அம்மா டிராம் ஏறி ஊரின் மறுகோடியில் ஒரு துருக்கியர் கடைக்குப் போய் ஆட்டுக்கறி வாங்கி வந்தார். அதன் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் அவருடைய மகனும் எனக்காக ஆட்டுக்கறிதான் தின்றான்.

ஊர் திரும்பிக் கல்யாணம் ஆன பிறகு, ஒவ்வொரு வருடமும் ஆலையில் கரும்பு அரவை முடிகிற நாளில் நான் அதை வீட்டில் செய்வேன். மற்ற நாட்களில் அடுப்படிப் பக்கம் போகாத ஆள் நான். என் மனைவி சரோஜா அதற்கு ‘செர்மன் வடை’ என்று பெயர் வைத்தாள். மகள் மங்கைக்கு நான்கு வயதிலிருந்தே உருட்டித் தட்டுகிற வேலை. கரும்பு வண்டிகள் நின்று, சங்கு ஊதி, புகைபோக்கி அடங்கும்போது எங்கள் வீட்டில் வெண்ணெய் வாசம் கிளம்பும். தீபாவளிக்குக் கூட அவள் அப்படிக் காத்திருந்ததில்லை.

மங்கை நர்ஸுக்குப் படித்தாள். முதல் வேலையே மலையில். அங்கே சக்திவேல் என்கிற மலைக்காரப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாக வந்து சொன்னாள். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவர்களை வீட்டுக்குக் கூப்பிடவும் இல்லை. ‘நம்ம ஆளுங்க இன்னா சொல்லுவாங்க’ என்றேன். நம்ம ஆளுங்க என்று நான் சொன்னது முக்கியமாக அடுத்த வீட்டில் இருக்கும் என் அண்ணனைத்தான். இரண்டு வருடத்துக்கு முன் சரோஜா இறந்தபோது இரண்டு பேரும் குழந்தையோடு வந்தார்கள். மங்கை உள்ளே வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். அவள் புருஷனை அண்ணன் தெருவிலேயே நிறுத்திவிட்டார். எனக்குக் கேட்டது. நான் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை.

இந்த வருடம் அரவை முடிந்த அன்று பழக்கத்தில் முக்கால் கிலோ கறி வாங்கிப் பிசைந்துவிட்டேன். பன்னிரண்டு வந்தது. ஒன்றைப் பிட்டு வாயில் வைத்தேன். இறங்கவில்லை. மீதியைப் பக்கத்துத் தெருவில் கொடுத்துவிட்டு வந்து படுத்தேன். அந்த வார ஞாயிற்றுக்கிழமைதான் இந்தப் பயணம்.

காலை 7.15. கள்ளக்குறிச்சி. மாவட்டத் தலைநகரம் ஆனதிலிருந்து பேருந்து நிலையத்தைச் சுற்றிக் கூட்டம் ஜாஸ்தி. ஷேர் ஆட்டோக்காரர்கள் நான்கு பக்கமும் கூப்பிட்டார்கள். ஒரு கடையில் இரண்டு இட்லி சாப்பிட்டேன். பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. கச்சிராயபாளையம் பஸ் ஏழே முக்காலுக்கு. இரண்டு பக்கமும் வெட்டி முடித்த கரும்புக் கட்டைகள், இடையிடையே நெல். கொஞ்ச தூரத்தில் மலை தெரிய ஆரம்பித்துவிடும். சித்திரை வெயிலில் அது சாம்பல் பூசினாற்போல் இருந்தது.

காலை 8.40. கச்சிராயபாளையம். வெள்ளிமலை பஸ் பத்து நிமிடத்துக்கு முன் போய்விட்டது. அடுத்தது பதினொன்றரைக்கு. போகிறவர்களுக்கு ஒரு தகவல்: இந்த மலைப் பாதையில் நேரம் பார்த்துப் போகாவிட்டால் அரை நாள் போய்விடும். பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியிருந்தது. என் டேப் வேலை நான் நினைத்த அளவு நன்றாக இல்லை. டீக்கடைக்காரரிடம் வேறு வண்டி ஏதாவது போகுமா என்று கேட்டேன்.

“ஏன் போவாது? கெழங்கு எறக்கிட்டு காலி வண்டி ஒண்ணு நிக்குது பாருங்க. அதோ, டயர பாத்துக்கினு கீறாரே, அவுருதான். நல்ல மனுஷன். ஏத்திக்கினு போவாரு.” பிறகு அவரே கையைத் தட்டிக் கூப்பிட்டார். “சக்திவேலு! வெள்ளிமலைக்கு ஒரு ஆள்!”

அவர் நிமிர்ந்து பார்த்தார். முப்பத்தெட்டு வயது இருக்கும். மெலிந்த உடம்பு, நரை தொட்ட மீசை. நான் அவரை முன்பு பார்த்தது ஒரே ஒரு தடவை, என் வீட்டு வாசலில் நின்றவராக, அதுவும் ஜன்னல் வழியாக. போதும். எனக்கு அடையாளம் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. டீக்கடைக்காரருக்குத்தான் ஒன்றும் தெரியாது.

பதினொன்றரை பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம். அந்தச் சாக்கு என் கையில் இருந்தது. நான் சொட்டுகிற பெட்டியைப் பார்த்தேன். சக்திவேல் நடந்து வந்து அதைத் தூக்கிக்கொண்டுபோய் வண்டியின் முன் இருக்கைக்குக் கீழே வைத்தார். நான் ஏறினேன்.

கோமுகி அணை வரை பேச்சில்லை. அணையில் தண்ணீர் கம்மி. நடுவில் மண்திட்டுகள் தெரிந்தன. அதைத் தாண்டி மலைப் பாதை தொடங்கியது. மூன்றாவது வளைவில் அவர் பேசினார். கண் பாதையில் இருந்தது.

“கால தூக்கி வெச்சிக்குங்க. ஐஸ் தண்ணி ஒழுவுது.”

தூக்கி வைத்துக்கொண்டேன்.

“பெட்டில இன்னா?”

“கொத்துக்கறி. மங்கைக்குப் புடிக்கும்னு… செர்மன் வடை செய்யறதுக்கு.”

“எங்கிட்ட சொன்னது இல்ல.”

அடுத்த வளைவுக்குக் கியரை மாற்றினார். எஞ்சின் முக்கியது. இரண்டாவது கியரில் ஒரு கரகரப்பு. வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

“நீங்க வர்றது அவளுக்குத் தெரியுமா?”

“தெரியாது. போன் பண்ணா எடுக்க மாட்டா.”

“எடுப்பா,” என்றார். “நீங்க பண்ணுனது இல்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. ஊருக்கு எவ்வளவு தூரம் என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் வெளியே பார்த்துக்கொண்டேன். மூங்கில்கள் காய்ந்து சாய்ந்திருந்தன. ஒரு வளைவில் திரும்பும்போது கீழே சமவெளி முழுவதும் விரிந்து கிடந்தது. எங்கோ அதற்குள் என் தெரு. பெரியார் அருவிக்குப் பக்கத்தில் எஞ்சின் சூடு ஆறட்டும் என்று நிறுத்தினார். அருவி என்பது அந்த மாதத்தில் பெயருக்குத்தான், பாறையில் ஈரம் மட்டும் ஓடியது. சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் அந்த ஈரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு பெண் பலாச்சுளை விற்றாள், ஒரு தட்டு முப்பது ரூபாய். நான் வாங்கி அவரிடம் நீட்டினேன். ஒரு சுளை எடுத்துக்கொண்டார்.

“உங்கள வூட்டாண்ட எறக்கிவுடறேன்,” என்றார். “அதுக்கு மேல அவ இஷ்டம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சேத்துக்கன்னும் சொல்ல மாட்டேன், தொரத்துன்னும் சொல்ல மாட்டேன்.”

“சரிப்பா.”

அவருக்கு நான் சொன்ன முதல் ‘அப்பா’ அது. எதிரே வருகிற யாருக்கும் சொல்கிற சாதாரணச் சொல்தான். ஆனாலும் நாக்கு எளிதில் புரளவில்லை.

காலை 10.20. வெள்ளிமலைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் சாலையை ஒட்டி ஒரு சிற்றூர். மேலே காற்று வேறாக இருந்தது. வெயிலும் இருந்தது, குளிர்ச்சியும் இருந்தது. மூன்று அறை வீடு, முன்பக்கம் பலா மரம், பின்னால் சரிவில் மரவள்ளிக் கொல்லை. வாசலில் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று செருப்பில்லாமல் நின்று பார்த்தது. என் பேத்தி யாழினி. அவளை அதற்கு முன் நான் பார்த்தது அந்தச் சாவு வீட்டில்தான், அவள் அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தபோது.

மங்கை ஈரத் தலையோடு வெளியே வந்தாள். முதலில் புருஷனைப் பார்த்தாள். அவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போய்விட்டார். பிறகு என்னைப் பார்த்தாள்.

“வாங்க,” என்றாள்.

எங்கள் வீட்டில் அவள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து என்னை ‘வா’, ‘போ’ என்றுதான் கூப்பிடுவாள். ‘வா ப்பா, சோறு துன்னு’ என்பாள். சரோஜா திட்டுவாள், நான் விட்டுவிடுவேன். ஒன்பது வருடம் கழித்து எனக்குக் கிடைத்த மரியாதை இது. உள்ளே கூப்பிட்டு நாற்காலி எடுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். “சாப்டீங்களா? மாத்திரை போட்டீங்களா? பிரஷர் எப்பிடி கீது?” சுகாதார நிலையத்துக்கு வருகிற முதியவர் ஒருவரிடம் கேட்பதுபோல் வரிசையாகக் கேட்டாள். நானும் வரிசையாகப் பதில் சொன்னேன்.

பிறகு பெட்டியைப் பார்த்தாள். “இன்னா அது?”

“அரவை முடிஞ்சிச்சு,” என்றேன்.

எங்கள் வீட்டில் அதற்கு வேறு பொருள் கிடையாது. அவள் முகத்தை அலமாரிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அங்கே அடுக்கியிருந்த டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த வூட்ல அந்த வாசனை வந்தது இல்ல. வரக் கூடாதுன்னு இருந்தேன். அதுக்கோசரம் வெண்ணெயே வாங்கறது இல்ல.”

“எடுத்துக்கினு போயிடட்டுமா?”

“எங்க எடுத்துக்கினு போவீங்க? மலை எறங்கறதுக்குள்ள கெட்டுப்பூடும்.” குனிந்து பெட்டியைத் தூக்கினாள். “பாதி ஐஸ் கரைஞ்சி கீது. டேப்ப இப்டியா சுத்துவாங்க?”

பெட்டி அடுப்படிக்குப் போயிற்று. அதன் பின்னால் நானும்.

காலை 11 மணி. வெங்காயத்தை நான் அரிந்தேன், சின்னதாக, கிட்டத்தட்டப் பொடியாக. பாலைச் சூடாக்கிப் பன்னைப் பிய்த்துப் போட்டு ஊறவைத்தேன். வெண்ணெயில் வெங்காயத்தை நிறம் மாறும்வரை வதக்கி ஆறவிட்டேன். மங்கை ஓரமாக நின்று பார்த்தாள், கை கட்டியபடி. யாழினி மட்டும் என் முட்டியை ஒட்டி நின்று கேள்வி கேட்டாள்.

“இது வடையா?”

“வடை மாரி. ஆனா கறி.”

“யாரு சொல்லிக் குடுத்தது?”

“ஜெர்மனில ஒரு அம்மா.”

“அவுங்க உனுக்கு இன்னா வேணும்?”

நல்ல கேள்வி. பதினான்கு மாதத்தில் நானே கேட்டுக்கொள்ளாதது. “சாப்பாடு போட்டவுங்க,” என்றேன்.

பெரிய பாத்திரத்தில் எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்தேன். ஜாதிக்காயைத் தேய்த்துப் போட்டேன். உருட்டும்போதுதான் சிக்கல். இரண்டு வருடமாகவே வலது கை லேசாக நடுங்குகிறது. உருண்டை உருளாமல் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. முதலாவது கோணலாக வந்தது. இரண்டாவது பிளந்தது. மூன்றாவதை நான் உருட்டிக்கொண்டிருக்கும்போது மங்கை கையை அவிழ்த்தாள்.

“தள்ளு ப்பா! கைய நனைச்சியா நீ? தண்ணி தொடாம உருட்டுனா ஒட்டாம இன்னா பண்ணும்? நீதான எனக்குச் சொல்லிக் குடுத்த?”

நீ என்றாள். அவள் அதைக் கவனிக்கவில்லை. நான் ஒதுங்கிச் சுவரில் சாய்ந்துகொண்டேன். அவள் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, கையை நனைத்து, உருட்டி, உள்ளங்கையில் தட்டி, நடுவில் கட்டைவிரலால் லேசாக ஒரு குழி வைத்தாள். நடு வேகாமல் போகக் கூடாது என்பதற்காக அந்தக் குழி. ஒன்பது வருடத்தில் அவள் கை ஒன்றையும் மறக்கவில்லை.

பாதி ஆனதும் நிறுத்தினாள். மீதிக் கறியில் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் அரிந்து போட்டாள். சரோஜாவுக்குக் காரமில்லாமல் இறங்காது. எப்போதும் கடைசி ஈடு அவளுக்குத் தனியாக. அதைப் பிசைந்துகொண்டே, மங்கை என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“அம்மா உன்கிட்ட கேட்டுதா? எங்கள ஒரு தடவ வூட்டுக்குக் கூப்புட சொல்லி?”

“கேட்டா.”

“எத்தினி தடவ?”

“வருஷம் ரெண்டு மூணு தடவ.”

“நீ இன்னா சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல.”

“ஆமா,” என்றாள். “நீ ஒண்ணும் சொல்ல மாட்ட. பெரியப்பா சொல்லுவாரு, நீ சும்மா இருப்ப. திட்டியிருந்தா கூட நான் பதிலுக்குத் திட்டிட்டு மறந்திருப்பேன்.”

வாணலியில் வெண்ணெய் நுரைத்து அடங்கியது. அவள் ஒவ்வொன்றாக இறக்கினாள். அந்த வாசம் எழும்பியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், புறங்கையால். வெங்காயம் எப்போதோ அரிந்து முடித்தாயிற்று.

பகல் 1.30. ஜெர்மனியில் இதற்கு உருளைக்கிழங்கு. மலையில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. வேகவைத்து, உப்பும் வெண்ணெயும் போட்டுப் பிசைந்தாள். கீழே உட்கார நான்கு தட்டு வைத்தாள். சக்திவேல் கை கழுவிக்கொண்டு வந்து தன் தட்டை எடுத்தார். “வண்டில கொஞ்சம் வேலை கீது,” என்று சொல்லி வெளியே போய்விட்டார். பலா மரத்தடியில் ஒரு கல். அதில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

மங்கை குழந்தைக்குப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் கை நின்று நின்று போயிற்று. அவள் எதற்காகக் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு நிமிடத்தை மறைக்காமல் எழுதுகிறேன். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். எழுபத்துமூன்று வயதில் தரையிலிருந்து தட்டோடு எழுந்திருப்பது சுலபமில்லை.

கல்லில் இடம் போதாது. நான் அவருக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். அவர் பதறி எழப் பார்த்தார்.

“ஒக்காரு ப்பா. நீ ஒக்காரு.” மூச்சு வாங்கியது. “செர்மன்ல அந்தம்மா வூட்ல எனக்கு நாற்காலி போட்டாங்க. என் நெறமும் வேற, சாமியும் வேற. பெத்த புள்ள எந்திரிச்சிப் போனான், அப்பவும் போட்டாங்க. நான் அந்த நாற்காலில ஒக்காந்து பதினாலு மாசம் துன்னுட்டு வந்தவன். உனக்குப் போடல. அன்னைக்கு அண்ணன் உன்ன வாசல்ல நிறுத்துனது எனக்குக் கேட்டுது. நான் எழுந்து வந்திருக்கணும்.”

அவர் கிழங்கை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு வெயில் ஜாஸ்தி,” என்றார். “உங்க தெருவுல நெழலே இல்ல. கொழந்தைய யார்கிட்டயும் குடுக்க முடியல, மங்கையோட உள்ள அனுப்புனேன். நான் கரண்டு கம்பத்தாண்ட நின்னேன். நாலு மணி நேரம்.”

நான் தலையை ஆட்டினேன்.

அவர் ஒரு வடையைப் பிட்டு மென்றார். இன்னொன்றை எடுத்து மோந்து பார்த்தார். “மொதல்ல துன்னதுல காரமே இல்ல. இது தேவல.”

“அது சரோஜாவோடது. பச்ச மொளகா போட்டது.”

“அத்தை இங்க வந்தா இந்த எடத்துலதான் ஒக்காந்து சாப்டுவாங்க,” என்றார். “உள்ள வாங்கன்னாலும் வர மாட்டாங்க. நீ எங்க துன்றியோ அங்கதான் நானும்னு சொல்லிடுவாங்க.”

சரோஜா வருடத்தில் இரண்டு முறை ‘கள்ளக்குறிச்சியில் டாக்டரைப் பார்க்க வேண்டும்’ என்று சொல்லிக் கிளம்புவாள். விடிகாலையில் போய் இருட்டும் நேரத்தில் வருவாள். சேலையில் பலாப் பிசின் ஒட்டியிருக்கும். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு தடவையாவது ‘நானும் வரேன்’ என்று சொல்லியிருக்கலாம். அவள் உட்கார்ந்த மண்ணில் உட்கார்ந்து, அவளுக்குப் பிடித்த காரத்தைத் தின்றேன். சக்திவேல் தன் தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மங்கை வாசலில் வந்து நின்றாள். “இன்னும் கீது. வோணுமா?” என்று பொதுவாகக் கேட்டாள். இரண்டு பேரும் தட்டை நீட்டினோம்.

மாலையில் வெள்ளிமலைச் சந்தைத் தெரு வரை நானும் யாழினியும் நடந்தோம். கடுக்காய் மூட்டைகள், தேன் பாட்டில்கள், சாமை அரிசி. ஆறு மணிக்கே குளிர்ந்துவிட்டது. திரும்பி வந்ததும் வண்டியின் இரண்டாவது கியரைப் பற்றிச் சக்திவேலிடம் சொன்னேன். “மெக்கானிக்கு ஒண்ணும் இல்லன்னான்,” என்றார். “ஒண்ணு கீது,” என்றேன். இரண்டு பேரும் வண்டிக்கடியில் தலையை விட்டுக் கொஞ்ச நேரம் பேசினோம்.

திங்கள் காலை 6.30. கீழே போகிற முதல் பஸ். மங்கை சீருடையில் சாலைவரை வந்தாள். அவளுக்கும் எட்டு மணிக்கு வேலை. மூடுபனி இல்லை, ஆனால் மரங்களுக்கு நடுவில் வெளிச்சம் இன்னும் நீலமாக இருந்தது. என் காலி பெட்டியில் அவள் நான்கைந்து குச்சிக்கிழங்கு போட்டிருந்தாள்.

“நீங்க எல்லாம் ஊருக்கு வரணும்,” என்றேன். “மூணு பேரும். எப்ப வர்றீங்க?”

பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது.

“இங்க மரத்தடில கூப்புட்டா ஆச்சா ப்பா? எங்கள நிறுத்துனது அந்தத் தெருவுல. அங்க நின்னு கூப்புடு. எல்லாரும் கேக்கற மாரி. அப்ப வரோம்.”

பஸ் வந்தது. ஏறினேன். அவள் கை காட்டவில்லை, ஆனால் பஸ் வளைவில் மறையும் வரை நின்றாள். இறங்குகிற பாதையில் நான் மலையைப் பார்க்கவில்லை. முந்தின நாள் காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாக மனதில் திரும்ப நடத்திக்கொண்டே வந்தேன். அவள் ‘தள்ளு ப்பா’ என்ற இடத்துக்கு மறுபடி மறுபடி போனேன். இருபத்துநான்கு வயதில் ஜெர்மனிக்குப் போனபோது ஊருக்காக ஏங்கினேன். ஊருக்கு வந்த பிறகு சில சனிக்கிழமைகளில் அந்த மேசைக்காக ஏங்கினேன். இப்போது கச்சிராயபாளையம் வருவதற்குள்ளேயே மூன்று அறை வீடு ஒன்றுக்காக ஏங்கத் தொடங்கிவிட்டேன். அந்த வீட்டில் நான் ஒரே ஒரு நாள்தான் இருந்திருக்கிறேன்.

பகல் 11 மணி. நைனார்பாளையம். மலையின் காற்று உடம்பிலிருந்து போய்விட்டது. தெருவில் வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. அண்ணன் தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிர் வீட்டில் இரண்டு பேர் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். குழாயடியில் ஐந்தாறு பெண்கள். நான் சாவியை எடுத்தேன்.

“ரெண்டு நாளா ஆளக் காணோம்,” என்றார் அண்ணன், பேப்பரை இறக்காமல். “எங்க போயிருந்த?”

எப்போதும்போல் ஒன்றும் சொல்லாமல் கதவைத் திறந்து உள்ளே போயிருக்கலாம். சாவி பூட்டில் நுழைந்துவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பித் தெருவின் நடுவுக்கு வந்தேன்.

“என் மருமவன் வூட்டுக்கு,” என்றேன். ஆலையில் சங்குக்கு மேல் கத்திப் பழகிய குரல், இன்னும் இருந்தது. “வெள்ளிமலைல. சக்திவேல் வூட்டுக்கு.”

குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது. யாரும் எடுக்கவில்லை. அண்ணன் பேப்பரை மடித்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கதவு பாதி திறந்தது. அண்ணி. ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி, மெல்லிய குரலில் கேட்டார்: “மங்கை நல்லா கீதா? கொழந்த எத்தினாவது படிக்குது?”

“ரெண்டாவது,” என்றேன். குரலைத் தாழ்த்தவில்லை. “எல்லாரும் நல்லா கீறாங்க அண்ணி. மூணு பேரையும் வரச் சொல்லி கீறேன். வந்து என் வூட்ல ஒக்காந்து சாப்டப் போறாங்க.”